கணினி வாங்குமுன் விலையை அல்ல, ஆண்டைப் பாருங்கள்

கணினி வாங்கக் காசு சேர்ப்பவர்கள் முதலில் கேட்பது விலையை. அந்த மாதிரி எந்த ஆண்டு வெளிவந்தது என்பதையே முதலில் கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பழைய மாதிரியைப் புது விலைக்கு விற்பது இத்துறையில் புதிதல்ல.

இன்டெல் நிறுவனத்தை ஆரம்பித்தவர்களில் ஒருவரான கோர்டன் மூர், ஒரு சிப்பில் அடங்கும் டிரான்சிஸ்டர்களின் எண்ணிக்கை ஆண்டுதோறும் இரட்டிப்பாகும் என 1965இல் கணித்தார். 1975இல் அதை இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை எனத் திருத்தினார். அந்த வேகம் இன்று தளர்ந்துவிட்டது. ஆனாலும் நான்கு ஆண்டுகள் மாறாமல் நிற்கும் கணினி பின்தங்கியே போகும்.

அப்பிள் நிறுவனத்தின் மக் மினி இதற்கு நல்ல உதாரணம். 2014 ஒக்டோபரில் வந்த மாதிரியின் ஆரம்ப விலை 499 டொலர். இரண்டு கோர் புரொசஸர், 4 ஜிபி நினைவகம். நினைவகம் பலகையிலேயே பற்றவைக்கப்பட்டிருந்ததால் பின்னர் கூட்டவும் முடியாது. 2018 ஒக்டோபர் வரை அதே பொருள், அதே விலை. 2022இல் வந்த வென்சுரா இயங்குதளம் இந்த மாதிரியைக் கைவிட்டது. 2014இல் வாங்கியவருக்கு எட்டு ஆண்டுகள் கிடைத்தன. 2018இல் அதே காசு கொடுத்தவருக்கு நான்கு ஆண்டுகளே.

விலையுயர்ந்த மக் புரோவிலும் இதுவே நடந்தது. 2013 டிசம்பரில் 2,999 டொலருக்கு வந்தது, 2017 ஏப்ரல் வரை மாறவில்லை. அப்போதுதான் அதே விலைக்கு நான்கு கோருக்குப் பதிலாக ஆறு கோர் தந்தார்கள்.

சரியாகச் செய்ய முடியும் என்பதையும் அதே நிறுவனமே காட்டியது. 2022இல் 1,199 டொலருக்கு வந்த எம்2 மக்புக் எயார், 2023 ஜூனில் 1,099 ஆனது. 2024 மார்ச்சில் எம்3 வந்ததும் 999 ஆனது.

ஆண்டுதோறும் புதிய மாதிரி வேண்டும் என்று நான் சொல்லவில்லை. அது குப்பையைத்தான் கூட்டும். இரண்டு ஆண்டுகளுக்கு ஒன்று போதும். இடையில் ஓராண்டு கடந்ததும் விலை குறைய வேண்டும். திடீரெனக் குறைத்தால் முதல் நாள் வாங்கியவர் கோபப்படுவார் என்பது நியாயமான மறுப்பு. குறைக்கும் திகதியை முன்கூட்டியே அறிவித்தால் அது தீரும்.

நம் நாட்டில் இந்தச் சுமை இரட்டிப்பு. 2022இன் முதல் அரையாண்டில் டொலர் சுமார் 200 ரூபாவிலிருந்து 360 ரூபா வரை ஏறியது. டொலரில் மாறாத விலை, நம் கையில் ஏறிய விலையாகவே வந்து சேர்ந்தது.

வெளிநாட்டு உறவினர் அனுப்பும் பழைய கணினிக்கும் ஆண்டு முக்கியம். விண்டோஸ் 10க்கான வழமையான ஆதரவு 2025 ஒக்டோபர் 14உடன் முடிந்தது. விண்டோஸ் 11க்கு, இன்டெல் என்றால் பெரும்பாலும் எட்டாம் தலைமுறை புரொசஸராவது வேண்டும். அனுப்பச் சொல்லுமுன் மூன்றைக் கேளுங்கள்: எந்த ஆண்டு மாதிரி, நினைவகம் கூட்டலாமா, இயங்குதள ஆதரவு எதுவரை.