டிஎன்ஏ உயிர் உணரிகள்: புற்றுநோய் மருந்து எச்சமும் தென்பெண்ணையும்

மின்முனையின் மேல் டிஎன்ஏ இழைகளைப் படியவைத்து, அவற்றோடு சேரும் வேதிப்பொருளை மின்னோட்டத்தின் மாற்றத்தால் கண்டறியும் கருவி, டிஎன்ஏ உயிர் உணரி. டிஎன்ஏ மின்முனையில் வினைபுரியும் என்பதைச் செக் நாட்டு அறிவியலர் எமில் பாலெச்செக் 1960ஆம் ஆண்டளவில் காட்டினார். புற்றுநோய் மருந்துகளைத் தேட இக்கருவி பொருந்துவது இயல்பே. அவற்றுள் பல உடலுக்குள் தாக்குவது டிஎன்ஏவைத்தான். டாக்சோரூபிசின் ஈரிழைக்குள் செருகிக்கொள்கிறது. சிஸ்பிளாட்டின் டிஎன்ஏவில் உள்ள குவானைன் என்ற காரத்தைப் பற்றிக்கொள்கிறது. அப்படிப் பற்றியபின், குவானைன் ஆக்சிஜனேற்றம் அடையும்போது எழும் மின்னோட்டம் தணிகிறது. எவ்வளவு தணிந்தது என்பதிலிருந்து மருந்தின் அளவு கணக்கிடப்படுகிறது.

ஓசூர்ப் பகுதிக்கு இதன் தேவை ஆற்றோடு வருகிறது. நந்தி மலைப் பகுதியில் பிறக்கும் தென்பெண்ணை, பெல்லந்தூர், வர்த்தூர் ஏரிகளின் வடிநீர் உட்படப் பெங்களூரின் கழிவைச் சுமந்து கெலவரப்பள்ளி அணைக்கும், பின்னர் கிருஷ்ணகிரி அணைக்கும் வந்துசேர்கிறது. கெலவரப்பள்ளியில் பொங்கும் நுரை எல்லார் கண்ணுக்கும் தெரியும். மருந்து எச்சமோ நுரைக்காது, நாறாது. ஆகவே உணரியை அணையிலேயே இறக்கிவிடலாம் என்று தோன்றும். கணக்கு அதற்கு இடம் தரவில்லை. இத்தகைய மருந்துகள் ஆற்றுநீரில் இருந்தாலும் பெரும்பாலும் லிட்டருக்குச் சில நானோகிராம் அளவில்தான் இருக்கும். 100 கோடி லிட்டரில் 1 கிராம் கரைந்தால் கிடைப்பது லிட்டருக்கு 1 நானோகிராம். நானோமோலார் வரை காணும் உணரியை நல்ல உணரி என்பார்கள். டாக்சோரூபிசினில் 1 நானோமோலார் என்பதே லிட்டருக்குச் சுமார் 540 நானோகிராம். எனவே உணரிக்குரிய இடம் அணையன்று, மருத்துவமனையும் மருந்து ஆலையும் கழிவை வெளியேற்றும் வாய். ஐதராபாத் அருகே பட்டன்செருவில், மருந்து ஆலைகளின் பொதுச் சுத்திகரிப்பு நிலையக் கழிவுநீரில் சிப்ரோஃப்ளாக்சசின் என்ற நுண்ணுயிர்க்கொல்லி லிட்டருக்கு 31 மில்லிகிராம் வரை இருந்ததை 2007இல் வெளியான ஆய்வு காட்டியது. அது வேறு வகை மருந்துதான். ஆனால் கழிவு வாயில் எச்சம் எவ்வளவு அடர்ந்திருக்கக்கூடும் என்பதற்கு அதைவிட வலுவான சான்று வேண்டியதில்லை.

இந்த உணரி மருந்தின் பெயரைச் சொல்லாது, கன உலோகமும் டிஎன்ஏவோடு சேரும் என்பது முதல் மறுப்பு. அது உண்மை. தொழிற்பேட்டைக் கழிவில் உலோகம் இருப்பதும் இயல்பு. ஆனால் டிஎன்ஏவைத் தொடும் எதுவும் ஆற்றுக்குப் போகக் கூடாது. உணரி எச்சரித்த நீரை ஆய்வகத்துக்கு அனுப்பி, நிறை நிறமாலைமானியால் பெயரைக் கண்டுபிடிக்கலாம். இதைவிடக் கடினமானது இரண்டாம் மறுப்பு: சைக்ளோபாஸ்ஃபமைடு கல்லீரலில் மாற்றமடைந்த பிறகே டிஎன்ஏவைத் தாக்கும், மெத்தோட்ரெக்சேட்டோ ஒரு நொதியைத்தான் தடுக்கிறது. இவை மாறாமல் வெளியேறினால் உணரி மௌனமாக இருக்கும். அந்த மௌனத்தைச் சுத்தமான நீருக்குச் சான்றாக எந்த மாசுக் கட்டுப்பாட்டு வாரியமும் ஏற்கக் கூடாது. ஊசி போட்டுக்கொண்டு வீடு திரும்பும் நோயாளியின் கழிவும் மருத்துவமனை வாய்க்கு வராமல் வீட்டுச் சாக்கடையில் கலந்துவிடுகிறது. இவ்விரண்டுக்கும் அணைநீரை அவ்வப்போது எடுத்து, ஒரு லிட்டரை ஒரு மில்லிலிட்டர் அளவுக்குச் செறிவாக்கி, ஆய்வகத்தில் பார்ப்பதே வழி. அந்த நீரைக் கர்நாடக எல்லைக்கு இருபுறமும் ஒரே நாளில் எடுத்தால்தான் எச்சம் எங்கே சேர்ந்தது என்பது தெரியவரும்.