மாதவிடாயைத் தள்ளிப்போடும் மாத்திரை உடலில் என்ன செய்கிறது?

ரமலான் நெருங்கினாலும் ஹஜ் பயணத் தேதி வந்தாலும் நம் வீடுகளில் இந்த மாத்திரையைப் பற்றிய பேச்சு எழுகிறது. மருந்துக் கடையில் கேட்டு வாங்கி விழுங்குவதற்கு முன், அது உடலில் எதைப் பிடித்து நிறுத்துகிறது என்று பார்ப்போம்.

வைகை அணையின் முழு நீர்மட்டம் 71 அடி. 66 அடியைத் தொட்டால் முதல் எச்சரிக்கை, 68.5 அடியில் இரண்டாவது, 69 அடியில் மூன்றாவது என்பது தேனி மாவட்டத்தாருக்குப் பழகிய கணக்கு. மட்டம் உயர உயர, கரையில் இருப்பவர்களின் வேலை மாறும். பெண்ணின் உடலிலும் ஏறத்தாழ இப்படித்தான்.

மூளையின் அடிப்பகுதியில் உள்ள ஹைப்போதலாமஸ் விட்டுவிட்டுச் சமிக்ஞை அனுப்பும். அதைக் கேட்டு பிட்யூட்டரி சுரப்பி எஃப்.எஸ்.எச்., எல்.எச். என்ற இரு ஹார்மோன்களை விடும். சினைப்பையில் முட்டை வளர, ஈஸ்ட்ரோஜன் சுரக்கும். ஈஸ்ட்ரோஜன் குறைவாக இருக்கும்வரை பிட்யூட்டரியை அடக்கியே வைக்கும். அதுவே உயர்ந்த மட்டத்தில் இரண்டு நாள் நின்றால், அடக்கியதே தூண்டத் தொடங்கும்! எல்.எச். திடீரெனப் பெருகி, சுமார் 36 மணி நேரத்தில் முட்டை வெளிவரும்.

முட்டை வெளியேறிய இடம் புரோஜெஸ்டிரானைச் சுரந்து கருப்பையின் உட்சுவரைத் தாங்கும். கரு தங்காவிட்டால் சுமார் 14 நாளில் அந்தச் சுரப்பு வற்றும். மட்டம் இறங்குவதால்தான் உதிரப்போக்கு வருகிறது. இங்கே அணைக்கு நேர் எதிர்.

நோரெத்திஸ்டிரோன் மாத்திரை இந்த இறக்கத்தைத் தடுக்கிறது. புரோஜெஸ்டிரானைப் போலவே செயல்பட்டு உட்சுவரைப் பிடித்து வைக்கும். நிறுத்திய இரண்டு மூன்று நாளில் உதிரம் வரும். தாமதமாகத் தொடங்கினால் இடையில் திட்டுத்திட்டாகக் கசியும். அப்போது ஹைளா இல்லையா என்ற குழப்பமும் சேர்ந்துகொள்ளும். தைராய்டு கோளாறாலோ சினைப்பை நீர்க்கட்டியாலோ சுழற்சி ஒழுங்கில்லாதவர்களுக்கு எப்போது தொடங்குவது என்ற கணக்கே பிடிபடாது.

விடுபட்ட நோன்பைப் பிறகு களாச் செய்ய மார்க்கம் வழி வைத்திருக்கிறது. ஆகவே ரமலானுக்காக மாத்திரை எடுக்க அவசியம் இருப்பதாக எங்களுக்குத் தோன்றவில்லை. ஹஜ்ஜில் தவாஃபும் திரும்பும் தேதியும் இருப்பதால் நிலைமை வேறு. அதற்கும் மருத்துவரைப் பார்த்த பிறகே எடுக்க வேண்டும். தேனியைச் சுற்றியிருப்பவர்களுக்கு க.விலக்கில் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை இருக்கிறது. காலில் இரத்தம் உறைந்தவர்கள், கல்லீரல் நோய் அல்லது மார்பகப் புற்றுநோய் கண்டவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

இந்த அளவில் எடுக்கும் மாத்திரையைக் கருத்தடையாக நம்ப முடியாது. நிறுத்தி ஒரு வாரமாகியும் உதிரம் வராவிட்டால் கர்ப்பப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்.