ஊவா மலைத்தோட்டங்களில் வானொலியும் இணையமும்

இலங்கையின் ஊவா மாகாணத்துப் பதுளை மாவட்டத் தேயிலைத் தோட்டங்களில் செய்தி நெடுங்காலம் மேலிருந்து கீழ்நோக்கி மட்டுமே இறங்கிவந்தது. விடியலில் அடிக்கப்பட்ட தப்பு, தொழிலாளரைப் பெரட்டுக்கு, அதாவது அன்றைய வேலை பகிர்ந்தளிக்கப்படும் கூட்டத்துக்கு, அழைத்தது. தோட்டத்துரையின் கட்டளை கணக்கப்பிள்ளை, கங்காணி வழியாக அவர்களை எட்டியது. கொழும்பில் 1925இல் தொடங்கிய வானொலி, 1949இல் இலங்கை வானொலி என்றும் 1967இல் இலங்கை ஒலிபரப்புக் கூட்டுத்தாபனம் என்றும் உருமாறி, மின்கலத்தில் இயங்கும் டிரான்சிஸ்டர் பெட்டிகள் மலிந்தபின் தொழிலாளரின் வரிசை வீடுகளான லயங்களுக்குள்ளும் நுழைந்தபோது, பாட்டும் நாடகமும் உலகச் செய்தியும் கூடிவந்தனவே தவிர, அந்தத் திசை மாறவில்லை.

திசையை மாற்றும் முதல் முயற்சி தோட்டங்களுக்காக எழுந்ததன்று. மகாவலி ஆற்று அபிவிருத்தித் திட்டத்தால் இடம்பெயர்க்கப்பட்டுப் புதிய நிலங்களில் குடியேற்றப்பட்ட விவசாயிகளுக்காக, யுனெஸ்கோ, டென்மார்க் அரசு ஆகியவற்றின் உதவியுடன் 1981இல் மகாவலி சமூக வானொலி தொடங்கப்பட்டது. தயாரிப்பாளர்கள் கிராமங்களுக்கே சென்று தங்கி, ஊராரின் குரலிலேயே நிகழ்ச்சிகளைப் பதிவுசெய்தனர். இம்முயற்சியிலிருந்து கிளைத்த சிறு நிலையங்களுள் ஒன்றான கிராந்துருகோட்டை, ஊவா மாகாணத்தின் வடக்கே மகாவலிக் குடியேற்றப் பகுதியில் அமைந்தது. மற்றொன்றான கொத்மலை, மாகாண எல்லைக்கு அப்பால் நுவரெலியா மாவட்டத்தில் இருந்தது. உலகம் பின்னாளில் பேசியது இந்த இரண்டாவதைப் பற்றியே.

1998இல் யுனெஸ்கோவின் ஆதரவுடன் கொத்மலை நிலையத்துக்கு இணைய இணைப்பு கிடைத்தது. ஒருவர் பேசப் பலர் கேட்கும் ஒலிபரப்பும், எவரும் எவரோடும் தொடர்புகொள்ளக்கூடிய இணைய வலையமைப்பும் ஒன்றோடொன்று கலப்பதை ஊடகவியலார் ஒருங்கிணைவு என்பர். செல்வ நாடுகளில் இச்சொல் பெருநிறுவனங்களின் வணிகத் திட்டங்களைக் குறித்துக்கொண்டிருந்தபோது, கொத்மலையில் அது கணினியையே கண்டிராத மக்களுக்கான ஏற்பாடாக இருந்தது. நேயர்கள் கேள்வி அனுப்புவர். அறிவிப்பாளர் இணையத்தில் விடை தேடுவார். பயிர்நோய் என்றால் விவசாய அலுவலரும், உடல்நலம் என்றால் மருத்துவரும் அருகிலிருந்து, ஆங்கிலத்தில் கிடைத்ததை நேயர்களின் மொழியில் விளக்குவர். கம்பளை, நாவலப்பிட்டி நூலகங்களில் பொதுமக்கள் தாமே இணையத்தைப் பயன்படுத்தவும் வசதி செய்யப்பட்டது. இணையத்தின் பெரும் குறையான மொழித்தடையையும் வானொலியின் பெரும் குறையான ஒருவழிப் போக்கையும் ஒரே ஏற்பாட்டால் ஈடுசெய்தமையே இதன் சிறப்பு. பிற்காலக் கருவிகளுள் எதுவும் இவ்விரண்டையும் இத்தனை எளிமையாக இணைத்ததில்லை எனலாம்.

2000களின் தொடக்க ஆண்டுகளில் ஊவா சமூக வானொலியும் உருவாயிற்று. ஆயினும் பதுளை மாவட்ட மக்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் தமிழராக இருந்தும், இந்நிலையங்களின் ஒலிபரப்பு பெரிதும் சிங்களத்திலேயே நடந்தது. சமூக வானொலிக்கெனத் தனி உரிமம் இல்லாமையால், அவை கூட்டுத்தாபனத்தின் குடைக்கீழேயே இயங்கின. தோட்டத் தொழிலாளர் தமக்கென ஒரு நிலையம் அமைக்கச் சட்டம் வழிவிடவில்லை. அவர்கள் விரும்பிக் கேட்டவை கொழும்பின் தேசிய சேவையும், 1998இல் வந்த சூரியன், சக்தி போன்ற தனியார் அலைவரிசைகளுமே. பின்னர் லயக் கூரைகளில் செய்மதித் தொலைக்காட்சியின் வட்டத் தட்டுகள் பெருகின. கைபேசி பரவியபின் வானொலி, காணொளி, உரையாடல் அனைத்தும் ஒரே திரைக்குள் அடங்கின. யுனெஸ்கோவோ அரசோ திட்டமிடாத இந்த ஒருங்கிணைவே லயங்களை உண்மையில் சென்றடைந்தது. ஆனால் கொத்மலையில் கேள்விக்கு விடை சொல்லக் கடமைப்பட்ட ஒருவர் இருந்தார். கைபேசியின் மறுமுனையில் அத்தகைய எவரும் இல்லை.

பதுளை மாவட்டத்தின் கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் 2014 அக்டோபர் 29 காலை மலை சரிந்து லயங்களை மூடியது. அவ்விடம் ஆபத்தானது என்று தேசிய கட்டட ஆராய்ச்சி நிறுவனம் 2005இலும் 2011இலும் எச்சரித்திருந்தது. தோட்டத்தில் அப்போது வானொலியும் இருந்தது, தொலைக்காட்சியும் இருந்தது, கைபேசியும் இருந்தது. எச்சரிக்கை கீழே வந்து சேர்ந்தது. இந்த லயத்தை விட்டால் வேறெங்கே குடியேறுவது என்ற மறுகேள்விக்கு மட்டும், சரிவு நேரும் வரை, மேலிருந்து விடை வரவில்லை.