மோடேரா சூரிய மின்சாரத் திட்டம்

குஜராத் மாநிலத்து மேசானா ஜில்லாவில், 11ஆம் நூற்றாண்டில் சோலங்கி மன்னன் முதலாம் பீமதேவன் காலத்தில் எழுந்த சூரியன் கோயிலால் நெடுங்காலமாகப் பிரசித்தி பெற்றிருந்த மோடேரா கிராமம், 2022 அக்டோபர் 9 அன்று, இரவும் பகலும் சூரிய சக்தியால் இயங்கும் இந்தியாவின் முதல் கிராமமாகப் பிரதமரால் அறிவிக்கப்பட்டது. அருகிலுள்ள சுஜ்ஜன்புராவில் சுமார் 12 ஹெக்டேர் நிலத்தில் 6 மெகாவாட் நிலையம் அமைக்கப்பட்டது. வீட்டுக் கூரைகளில், 1,300க்கும் மேலாக, தலா 1 கிலோவாட் தகடுகள் ஏறின.

திட்டத்தின் ஜீவநாடி, நிலையத்தோடு இணைந்த 15 மெகாவாட்-மணி மின்கலத் தொகுதியே. பகலில் ஊரின் உபயோகம் போக மிஞ்சும் மின்சாரம் அதில் நேர்மின்னோட்டமாகச் சேமிக்கப்பட்டு, அஸ்தமனத்துக்குப் பின் மாறுமின்னோட்டமாக்கப்பட்டு வீடுகளுக்கு விநியோகமாகிறது. நிலையத்தின் முழு வேகத்தில் வெளியேற்றினால் இச்சேமிப்பு இரண்டரை மணி நேரத்தில் தீர்ந்துவிடும். ஆயினும் ஒரு கிராமத்தின் இராத்தேவை, விளக்கும் விசிறியும் குளிர்பெட்டியுமாக, அவ்வளவு பெரிதன்று.

செலவு சுமார் 80 கோடி ரூபாய். மத்திய, மாநில சர்க்கார்கள் சரிபாதியாக ஏற்ற இத்தொகையை எந்தப் பஞ்சாயத்தும் தன் வருவாயிலிருந்து திரட்டியிருக்க இயலாது என்பதை, இதனை முன்மாதிரியாகப் புகழ்வோர் பெரும்பாலும் குறிப்பிடுவதில்லை.