பொம்மசந்திரா: தொழிலாளர் வாழ்வும் சேமிப்பும்

பெங்களூரு நகர மாவட்டம், ஆனேக்கல் வட்டத்தில் ஓசூர் சாலையை ஒட்டியுள்ள தொழிற்பேட்டை பொம்மசந்திரா. பயோகான் மருந்து நிறுவனம், நாராயணா ஹிருதயாலயா மருத்துவமனை ஆகியவற்றால் பெயர் பெற்றது. ஆனால் இந்தச் சாலையோர ஆயத்த ஆடை ஆலைகளில் உழைப்போருக்கு நடுத்தர வாழ்வு எட்டாத உயரத்திலேயே இருக்கிறது. அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். பிள்ளைகளின் பள்ளிக் கட்டணம், மருத்துவச் செலவு, கடனடைப்பு எதுவானாலும் பலருக்குக் கைகொடுப்பது வருங்கால வைப்பு நிதி ஒன்றுதான். அதில் நிறுவனம் செலுத்தும் பங்கை 58 வயதுவரை எடுக்க முடியாது என 2016 பிப்ரவரியில் மத்திய அரசு விதி கொண்டுவந்தது. இதை எதிர்த்து அவ்வாண்டு ஏப்ரல் 18 அன்று பொம்மனஹள்ளியில் ஆடை ஆலைப் பெண்கள் ஓசூர் சாலையை மறித்தனர். மறுநாள் பொம்மசந்திராவை அடுத்த ஹெப்பகோடிவரை போராட்டம் பரவியது. தடியடியும் தீவைப்பும் நிகழ்ந்தன. தொழிற்சங்கங்களின் அழைப்புக்குக் காத்திராமல் திரண்ட இந்தப் பெண்களின் எழுச்சி, அண்மைக்காலத் தொழிலாளர் வரலாற்றில் தனித்து நிற்பது. ஏப்ரல் 19 அன்றே அரசு விதியைத் திரும்பப் பெற்றது.