உருகும் சீஸும் நம்ம கொச்சிக்காயும்



நம் பிள்ளைகள் இப்போது இப்தாருக்கும் டாக்கோ, நாச்சோஸ், கேசடியா என்று கேட்கிறார்கள். வெள்ளவத்தையில் வீச்சு ரொட்டிக்குள் கோழியும் சீஸும் வைத்து மடித்து, தாச்சியில் சுட்டுக் கொடுக்கும் வீடுகளும் உண்டு. இதைப் பார்த்த பெரியவர்கள் இரண்டு கேள்வி கேட்கிறார்கள். இது அந்நியச் சாப்பாடு இல்லையா? இந்தச் சீஸ் ஹலாலா? இரண்டும் கேட்க வேண்டிய கேள்விகள்தான். கொஞ்சம் வரலாறு பார்த்தால் இரண்டுக்கும் பதில் கிடைக்கும்.

முதலில் கொச்சிக்காயை எடுப்போம். கொச்சிக்காய் இல்லாத சம்பலை நம்மால் நினைக்க முடியுமா? ஆனால் போர்த்துக்கேயர் 1505இல் இந்தத் தீவுக்கு வந்தபோது இங்கே ஒரு கொச்சிக்காய்ச் செடிகூட இருக்கவில்லை. அதுவரை உறைப்புக்கு மிளகுதான். கொச்சிக்காயை முதலில் பயிரிட்டவர்கள் மெக்சிக்கோ மண்ணின் மக்கள். அது கப்பலேறி ஆசியாவுக்கு வந்தது. கொச்சித் துறைமுகத்தின் பெயர் அந்தச் சொல்லில் இன்றும் ஒட்டியிருக்கிறது. தக்காளி, பப்பாசி, கொய்யா, சோளம் எல்லாம் அதே அமெரிக்கக் கண்டத்துச் சொத்து.

இனி மறுபக்கம். மெக்சிக்கோச் சாப்பாடு என்றாலே நமக்கு நினைவு வருவது உருகி வழியும் சீஸ். ஸ்பானியர் 1521இல் அந்த நாட்டைப் பிடிக்கும்வரை அங்கே மாடும் இல்லை, ஆடும் இல்லை. பால் கறக்கும் வழக்கமே இல்லாத மக்களுக்கு சீஸ் எங்கிருந்து வரும்? அவர்களுடைய பழைய உணவு, சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் அவித்து அரைத்துச் சுட்ட ரொட்டி. நமக்குக் கொச்சிக்காய் எப்படி வந்ததோ, அவர்களுக்குச் சீஸும் அப்படித்தான் வந்தது.

நாச்சோஸின் கதை இன்னும் சுவையானது. 1940களில், அமெரிக்க எல்லையை ஒட்டிய பியத்ராஸ் நெக்ராஸ் என்ற மெக்சிக்கோ ஊரில் இக்னாசியோ அனாயா என்பவர் பொரித்த சோள ரொட்டித் துண்டுகள்மேல் சீஸ் தூவி உருக்கி, ஊறுகாய்க் கொச்சிக்காய் வைத்துப் பரிமாறினார். இக்னாசியோவை அங்கே செல்லமாக 'நாச்சோ' என்பார்கள். பலகாரத்துக்கும் அதுவே பெயரானது. வினாகிரியில் ஊறிய அந்தக் கொச்சிக்காயை ஸ்பானிய மொழியில் 'எஸ்கபேச்சே' முறை என்பார்கள். அது 'சிக்பாஜ்' என்ற சொல்லில் இருந்து வந்தது. அப்பாஸிய காலத்துப் பக்தாதில் வினாகிரி விட்டுச் சமைத்த இறைச்சிக் கறிதான் சிக்பாஜ். பாரசீகத்தில் பிறந்து, அரபியில் வளர்ந்து, அந்தலூஸ் வழியாக ஸ்பெயினுக்குள் போன சொல். கிரனாடா 1492இல் வீழ்ந்தது. சமையலறையில் அந்த நாகரிகத்தின் வாசம் வீழவில்லை.

கொழும்பிலும் சீஸ் புதுசு இல்லை. ஒல்லாந்தர் 1656இல் கொழும்பைப் பிடித்தார்கள். அவர்கள் 1749இல் கட்டத் தொடங்கிய வுல்வெண்டால் தேவாலயம் கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் இன்றும் நிற்கிறது. அவர்கள் வழிவந்த பறங்கியர் வீடுகளில் நத்தார் காலையில் 'புரூடர்' கேக்கோடு, சிவப்பு மெழுகு பூசிய ஈடம் சீஸை வெட்டி வைப்பார்கள். அதே ஈடம் உருண்டையைத்தான் மெக்சிக்கோவின் யுகட்டான் பகுதி மக்கள் குடைந்து, உள்ளே இறைச்சி நிரப்பிச் சமைக்கிறார்கள். ஒரே ஒல்லாந்துச் சீஸ், உலகத்தின் இரண்டு மூலைகளில் இரண்டு மேசைகள்!

பிறகு வந்தது நம்ம சீஸ் கொத்து. காலி வீதிக் கடைகளில் தகடு சத்தம் கேட்கும்போதே வாசம் மூக்கில் ஏறும். பாலும் சீஸும் சேர்ந்து ரொட்டியைக் கட்டிப் பிடிப்பதற்குக் காரணம் பதப்படுத்திய சீஸ். அதில் சேர்க்கும் சிட்ரேட், பொஸ்பேட் உப்புகள் எண்ணெய் பிரியாமல் சீஸை ஒரே சீராக உருக வைக்கும். 1911இல் சுவிட்சர்லாந்தில் இந்த முறை வந்தது. 1916இல் அமெரிக்காவில் கிராஃப்ட் தன் முறைக்கு உரிமம் வாங்கினார். புளிப்பு விட்டுத் திரித்த பனீர் இப்படி உருகாது.

இனி ஹலால் கேள்வி. பாலை உறைய வைக்கும் ரெனட் என்ற நொதியம் முன்பு கன்றுக்குட்டியின் இரைப்பையில் இருந்து எடுக்கப்பட்டது. ஆகவே கேள்வி சரியானதுதான். 1990இல் நுண்ணுயிர்களைக் கொண்டு தயாரித்த ரெனட்டுக்கு அமெரிக்கா அனுமதி கொடுத்தது. இன்று உலகில் பெருமளவு சீஸ் அப்படித்தான் உறைகிறது. எனினும் எல்லாச் சீஸும் அப்படி அல்ல. பெட்டியில் என்ன எழுதியிருக்கிறது, ஹலால் இலச்சினை இருக்கிறதா என்று பார்த்து வாங்குவோம். புரியாவிட்டால் விவரம் தெரிந்த ஆலிம்களிடம் கேட்போம்.

ஆனால் கேட்பது வேறு, சந்தேகத்தைப் பரப்புவது வேறு. சாப்பாட்டின் மீது வரும் வதந்தி என்ன செய்யும் என்பது நம் சமூகத்துக்கு நன்றாகத் தெரியும். 2018 பெப்ரவரியில் அம்பாறையில் ஒரு முஸ்லிம் சாப்பாட்டுக் கடையில் கருத்தடை மாத்திரை கலந்ததாகச் சொல்லி, கடையையும் பள்ளிவாசலையும் தாக்கினார்கள். அரச பகுப்பாய்வாளர் திணைக்களம் சோதித்துப் பார்த்ததில் அது வெறும் மாவுக் கட்டி. அறிக்கை வரும்போது கடை உடைந்து முடிந்திருந்தது.

அந்த வலியைப் பட்ட நாம், இன்னொருவர் கடையைப் பற்றி, இன்னொரு சமூகத்தின் சாப்பாட்டைப் பற்றி, ஆதாரம் இல்லாத ஒரு குரல் பதிவு வாட்ஸ்அப்பில் வந்தால் என்ன செய்ய வேண்டும்? கேள்விப்பட்டதை எல்லாம் சொல்லித் திரிவதே ஒருவர் பொய்யராவதற்குப் போதும் என்று நமக்குக் கற்பிக்கப்பட்டிருக்கிறது. விசாரிக்காமல் அனுப்பாமல் இருப்போம்.

பிள்ளைகள் நாச்சோஸ் கேட்டால், சீஸ் பெட்டியின் பின்பக்கத்தை அவர்களையே வாசிக்கச் சொல்லுங்கள். சிக்பாஜின் கதையையும் சொல்லிக் கொடுங்கள். உங்கள் வீட்டில் சீஸ் வைத்து என்ன செய்கிறீர்கள் என்று கீழே எழுதுங்கள். கொட்டாஞ்சேனைக்காரர்கள் புரூடர் நினைவு இருந்தால் அதையும் எழுதுங்கள்.