குளிர்ச்சிக்கு ஏன் 'டன்' கணக்கு?

பெரம்பலூரில் ஒருவர், பன்னிரண்டு ஆண்டுகள் உழைத்து ஓய்ந்துவிட்ட தம் வீட்டுக் குளிர்சாதனத்தை மாற்ற எண்ணி, மூன்று கடைகளில் விலைப்புள்ளி கேட்கிறார் என்று வைத்துக்கொள்வோம். அறை ஒன்றுதான், பத்தடிக்குப் பன்னிரண்டடி. முதல் கடைக்காரர், "ஒரு டன் போதும்" என்கிறார். இரண்டாமவர், "மாடி அறை சார், ஒன்றரை டன் இல்லாமல் முடியாது" என்கிறார். மூன்றாமவரோ, "நம்ம ஊர் வெயிலுக்கு இரண்டு டன்னாகவே போட்டுவிடுங்கள்" என்று முடித்துவிடுகிறார். மூன்று தாள்களுக்கும் இடையே பல ஆயிரம் ரூபாய் வேறுபாடு. பின்னால் வரும் மின்கட்டணத்தில் உள்ள வேறுபாடு தாளில் எழுதப்படுவதில்லை.

அது என்ன டன்? இரண்டு ஆட்கள் தூக்கி மாடிக்குக் கொண்டுபோய்விடும் பெட்டிக்கு ஒரு டன் எடை இருக்க முடியாது. உள்ளே செல்லும் காற்றின் எடையும் அன்று. இந்தச் சொல்லின் பிறப்பை அறிய நாம் ஏறத்தாழ இருநூறு ஆண்டுகள் பின்னோக்கிச் செல்ல வேண்டும். அது பனிக்கட்டி கப்பலேறிய காலம்.

அதற்கு முன்பும் நம் நாட்டில் வெப்பத்தைத் தணிக்கும் வழிகள் இருந்தன. வாசலிலும் சாளரத்திலும் வெட்டிவேர்த் தட்டி கட்டி, அதன்மேல் நீர் தெளிப்பார்கள். நீர் ஆவியாகும்போது வெப்பத்தை உறிஞ்சுவதால் உள்ளே வரும் காற்று குளிர்ந்திருக்கும். வசதியுள்ள வீடுகளில் கூரையிலிருந்து தொங்கும் பங்காவை வெளியே அமர்ந்த ஒருவர் நாள் முழுதும் கயிற்றால் இழுத்துக்கொண்டிருப்பார். வட இந்தியாவில் குளிர்கால இரவுகளில் பனிக்கட்டியே தயாரித்தனர். வைக்கோல் பரப்பிய குழிகளில் ஆழமில்லாத மண்சட்டிகளை வைத்து நீர் ஊற்றினால், தெளிந்த வானை நோக்கி வெப்பம் கதிர்வீசி வெளியேறி, விடியற்காலையில் மேலே ஏடு படிந்திருக்கும். அலகாபாத்தில் கண்ட இம்முறையை ராபர்ட் பார்க்கர் என்னும் ஆங்கிலேயத் தளபதி 1775-இல் இலண்டன் இராயல் கழகத்தின் இதழில் விவரித்திருக்கிறார். சென்னையிலும் திருச்சிச் சீமையிலும் இதற்கு வழியில்லை. நம் மார்கழி இரவு அவ்வளவு குளிர்வதில்லை.

பாஸ்டனிலிருந்து வந்த பனி

அமெரிக்காவின் பாஸ்டன் நகரில் பிரெடெரிக் டியூடர் என்னும் வணிகர் இருந்தார். குளிர்காலத்தில் ஏரிகள் உறைந்து கிடப்பதைக் கண்ட அவருக்கு, அதை வெட்டி வெப்ப நாடுகளில் விற்றால் என்ன என்று தோன்றியது. 1806-இல் மார்த்தினிக் தீவுக்கு முதல் கப்பலை அனுப்பினார். ஊரார் நகைத்தனர், பணமும் இழந்தார். ஆயினும் விடவில்லை. மரத்தூள் வெப்பத்தைக் கடத்தாது என்பதைப் பயன்படுத்திப் பனிக்கட்டிகளை அதனுள் பொதிந்தார். நதானியேல் வையத் என்பவர் குதிரை இழுக்கும் பனிக்கலப்பையை உருவாக்கித் தரவே, கட்டிகள் ஒரே அளவில் சதுரமாகக் கிடைத்தன. சதுரக் கட்டிகளை இடைவெளியின்றி அடுக்கலாம். இடைவெளி குறைந்தால் உருகுவதும் குறையும்.

1833 மே மாதம் 'டஸ்கனி' என்னும் கப்பல் 180 டன் பனிக்கட்டியுடன் பாஸ்டனை விட்டுப் புறப்பட்டது. நிலநடுக்கோட்டை இருமுறை கடந்து, நான்கு மாதப் பயணத்திற்குப் பின் செப்டம்பரில் கல்கத்தாவை அடைந்தபோது ஏறத்தாழ 100 டன் உருகாமல் எஞ்சியிருந்தது. கவர்னர் ஜெனரலாக இருந்த வில்லியம் பெண்டிங்க் மகிழ்ந்து, சரக்குடன் வந்த முகவருக்கு ஒரு வெள்ளிக் கோப்பையைப் பரிசளித்தார்.

சென்னையில் 1842-இல் கடற்கரையோரம் வளைந்த முகப்புடன் டியூடரின் பனிக்கிடங்கு எழுந்தது. இன்று விவேகானந்தர் இல்லம் என வழங்கும் கட்டடம் அதுவே. திருவல்லிக்கேணியின் அப்பகுதியைச் சென்னைவாசிகள் இன்னும் 'ஐஸ் ஹவுஸ்' என்றே அழைக்கிறார்கள்.

இனி அந்தக் கப்பலின் சரக்கைக் கொஞ்சம் கணக்கிட்டுப் பார்ப்போம்.

பனிக்கட்டி உருகும்போது அதன் வெப்பநிலை உயர்வதில்லை. ஆனால் சுற்றுப்புறத்திலிருந்து மிகுதியான வெப்பத்தை விழுங்குகிறது. இந்த மறை வெப்பத்தை 1760-களில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் ஆராய்ந்து அறிவித்தார். ஒரு கிராம் பனிக்கட்டி உருக 80 கலோரி வேண்டும். ஆங்கில அளவையில் ஒரு பவுண்டு உருக 144 பிரிட்டிஷ் வெப்ப அலகு. அமெரிக்க டன் என்பது 2,000 பவுண்டு, அதாவது நம் கணக்கில் 907 கிலோகிராம். ஆகவே ஒரு டன் பனிக்கட்டி ஒரு நாளில் உருகினால் 2,88,000 அலகு வெப்பம் நீங்குகிறது. இதை 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 அலகு. மின் அளவையில் 3,517 வாட்.

கடைக்காரர் சொல்லும் 'ஒரு டன்' இதுதான். ஒரு நாளில் ஒரு டன் பனிக்கட்டி உருகி அகற்றும் வெப்பத்தை அதே நேரத்தில் அகற்றவல்ல இயந்திரம் ஒரு டன் இயந்திரம். உலகைச் சுற்றி வந்து 'டஸ்கனி' இறக்கிய சரக்கு முழுவதும், இன்றைய ஒரு டன் பெட்டி இரவுபகலாக ஏறத்தாழ 100 நாள் ஓடினால் தரும் குளிர்ச்சிக்குச் சமம். ஓய்வாக இருக்கும் மனித உடல் 100 வாட் அளவுக்கு வெப்பத்தை வெளியிடுகிறது. அவ்வெப்பம் ஒரு நாளில் 26 கிலோ பனிக்கட்டியை உருக்கிவிடும்! அறையில் நாம் படுத்திருப்பதே குளிர்சாதனத்துக்கு ஒரு சுமைதான்.

இயந்திரம் வந்தது

ஏரிப் பனிக்கு எதிரி விரைவிலேயே தோன்றிவிட்டது. ப்ளோரிடாவில் ஜான் கோரி என்னும் மருத்துவர், காய்ச்சல் நோயாளிகளின் அறையைக் குளிரச் செய்யும் நோக்கத்துடன் காற்றை அழுத்தி விரியவிடும் பனிக்கட்டி இயந்திரம் அமைத்து, 1851-இல் காப்புரிமை பெற்றார். வாங்குவார் இல்லை, நான்கே ஆண்டுகளில் மறைந்தார். ஆஸ்திரேலியாவில் ஜேம்ஸ் ஹாரிசன் ஈதரைக் கொண்டும், பிரான்சில் பெர்டினாண்ட் காரே அம்மோனியாவைக் கொண்டும் வெற்றி கண்டனர். 1870-களில் ஜெர்மனியின் கார்ல் வான் லிண்டே அமைத்த அம்மோனியா அழுத்தி இயந்திரம் இத்தொழிலை நிலைநிறுத்தியது எனலாம். சென்னையில் 1874-இல் இன்டர்நேஷனல் ஐஸ் கம்பெனி நீராவியின் துணையால் பனிக்கட்டி தயாரிக்கத் தொடங்கவே, அமெரிக்கப் பனிக்கட்டி வணிகம் மங்கி ஒழிந்தது. கிடங்குக் கட்டடம் கைமாறி, வழக்கறிஞர் பிளிகிரி ஐயங்காரின் இல்லமாயிற்று. 1897-இல் விவேகானந்தர் அங்கே தங்கினார்.

இயந்திரம் விற்க வந்தவர்களுக்கு ஒரு சங்கடம். 'எத்தனை குதிரைத் திறன்' என்று சொன்னால் வாங்குபவருக்குப் புரியவில்லை. பீர் வடிப்பாலைக்காரரும் இறைச்சிக் கிடங்குக்காரரும் அதுவரை வாங்கிப் பழகியது டன் கணக்கில் பனிக்கட்டி. "இது நாளொன்றுக்கு எத்தனை டன் பனிக்கட்டிக்கு ஈடு?" என்பதே அவர்களின் கேள்வி. அந்தக் கேள்விக்கான விடையே அலகாக நிலைத்துவிட்டது.

1881-இல் அமெரிக்கக் குடியரசுத் தலைவர் கார்பீல்டு சுடப்பட்டுக் கிடந்தபோது, பனிநீரில் நனைந்த துணிகளின் வழியே காற்றை ஊதி அவருடைய அறையைக் குளிர்வித்தனர். இரண்டு மாதங்களில் ஏறத்தாழ ஐந்து லட்சம் பவுண்டு பனிக்கட்டி செலவானதாகச் சொல்வர். வகுத்துப் பார்த்தால் நாளொன்றுக்கு நான்கு டன்னுக்குச் சற்று அதிகம். ஒரு நோயாளியின் அறைக்கு இது மிகை. குளிர்ந்த காற்று கசிந்து வீணானதே காரணமாயிருக்க வேண்டும்.

1902-இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதியில் ஓர் அச்சகத்துக்காக வில்லிஸ் கேரியர் என்னும் இளம் பொறியாளர் வரைந்த திட்டமே இன்றைய குளிர்சாதனத்தின் தொடக்கம். அதன் திறனும் 'நாளுக்கு 1,08,000 பவுண்டு பனிக்கட்டி' என்றே கூறப்பட்டது. அதாவது 54 டன். ஆனால் அச்சகத்தாரின் குறை வெப்பம் அன்று, ஈரப்பதம். ஈரக்காற்றில் காகிதம் விரிந்து, ஒரு வண்ணத்தின் மேல் அடுத்த வண்ணம் பொருந்தாமல் போயிற்று. குளிர்ந்த குழாய்ச் சுருளின் மேல் காற்றைச் செலுத்தினால் ஈரம் நீர்த்துளியாகப் படிந்து வடிந்துவிடும் என்பதைக் கேரியர் கணக்கிட்டுப் பயன்படுத்தினார்.

'பெரியதாகவே போட்டுவிடுங்கள்' என்னும் மூன்றாம் கடைக்காரருக்கு விடை இங்கே இருக்கிறது. தேவைக்கு மிஞ்சிய பெட்டி சில நிமிடங்களில் அறையைக் குளிர்வித்துவிட்டு நின்றுவிடும். சுருள் நெடுநேரம் ஓடினால்தான் ஈரம் வடியும். ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடக் கரையோர ஊர்களில் இதை நன்கு உணரலாம்: அறை சில்லென்றிருக்கும், உடம்பு பிசுபிசுக்கும். வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் இன்வெர்ட்டர் அழுத்திகள் இக்குறையைப் பெரிதும் தணித்தாலும் முற்றிலும் நீக்கிவிடவில்லை.

நம் பத்தடிக்குப் பன்னிரண்டடி மாடி அறைக்கு உண்மையில் எவ்வளவு வேண்டும்? மே மாதப் பிற்பகலில் தோராயக் கணக்கு இது. கான்கிரீட் தளத்தின் வழியே 700 முதல் 1,000 வாட். சுவர், சன்னல் வழியே 500. கதவிடுக்கில் புகும் காற்றால் 300. இரண்டு பேருக்கு 200. விளக்கு, மின்விசிறி, தொலைக்காட்சிக்கு 150. எல்லாம் கூட்டினாலும் 2,200 வாட்டைப் பெரிதும் தாண்டவில்லை. ஒரு டன்னோ 3,517 வாட். முதல் கடைக்காரர் சொன்னது சரியே. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். 35 டிகிரி வெளி வெப்பத்தில் சோதித்துத்தான் பெட்டிகளின் திறன் குறிக்கப்படுகிறது. 40-ஐ எட்டும் அக்கினி நட்சத்திர நாட்களில் அது குறையும். மேலும் 'ஒன்றரை டன்' என்று விற்கும் எல்லாப் பெட்டிகளும் 5,275 வாட் தருவதில்லை. ஆற்றல் சேமிப்புப் பணியகத்தின் நட்சத்திரச் சீட்டில் திறன் வாட்டில் அச்சிடப்பட்டிருக்கும். விலைப்புள்ளியில் அந்த எண்ணை எழுதித் தரச் சொல்லிக் கேட்பது வாங்குபவரின் உரிமை. செம்புக் குழாய் எத்தனை மீட்டர், நிறுத்தும் தாங்கிக்கும் சுவர் துளைக்கும் தனிக் கூலியா, பழைய பெட்டிக்கு என்ன கழிவு என்பனவும் தாளில் ஏற வேண்டியவையே. இவை இல்லாத மூன்று தாள்களை ஒப்பிட்டுப் பயனில்லை.

மேலே கண்ட கணக்கில் பெரும்பங்கு கூரையினுடையது. இதில் அரியலூருக்கு ஒரு தனித் தொடர்பு உண்டு. கிரெட்டேசியக் காலத்தில் இப்பகுதி கடலாக இருந்தது. அக்கடல் வாழ் உயிர்களின் ஓடுகள் படிந்த சுண்ணாம்புப் பாறையே இன்று இங்குள்ள சிமெண்டு ஆலைகளின் மூலப்பொருள். அந்தச் சிமெண்டில் வார்த்த நாலைந்து அங்குலத் தளம் பகலெல்லாம் வெயிலைக் குடித்து, இரவில் அறைக்குள் உமிழ்கிறது. முற்காலத்தவர் அதே சுண்ணாம்பை வேறு விதமாகப் பயன்படுத்தினர். கங்கைகொண்ட சோழபுரத்து மாளிகைமேட்டு அகழாய்வில் தடித்த செங்கற்சுவர்களும், சுண்ணாம்புச் சாந்தில் பல வரிசையாகப் பதித்த தட்டையான கூரை ஓடுகளும் வெளிப்பட்டன. பாட்டனார் காலத்து மட்டப்பா வீடுகளிலும் செங்கல் ஜல்லிச் சுண்ணாம்புத் தளமும் அதன்மேல் தட்டோடும் இருந்தன.

ஆதலால் நான்காவது விலைப்புள்ளி ஒன்றைக் கொத்தனாரிடம் கேட்பது நல்லது. மாடித் தளத்தின்மேல் வெள்ளை ஓடு பதிக்கவோ, வெயிலைத் திருப்பியனுப்பும் வெண்பூச்சு அடிக்கவோ என்ன ஆகும் என்று கேட்கலாம். வெறும் சுண்ணாம்பு அடித்தாலும் பலன் உண்டு. மழைக்குப் பின் மீண்டும் அடிக்க வேண்டியிருக்கும், அவ்வளவே. கூரை வழி வெப்பம் பாதியாகக் குறைந்தாலும் நாள் முழுதும் ஓடும் பெட்டிக்கு ஏறத்தாழ நூறு கிலோ பனிக்கட்டி மிச்சம்.